முழங்கால் கதைகள்

ஈரோட்டுக்காரி:

2025 அக்டோபர் 30 ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா 338 அடித்துவிட்டது. "போச்சு" என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லைப் போட எழுந்தவள், ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆடுவதைப் பார்த்துக் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டேன். 134 பந்தில் 127, கடைசிவரை அவுட் இல்லை. ஜெயித்ததும் அந்தப் பெண் அழுதுகொண்டே இயேசுவுக்கு நன்றி சொன்னார். அதே தொடரில் ஒரு ஆட்டத்தில் அவரை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். பதற்றத்தில் அநேகமாகத் தினமும் அழுததாக அவரே சொன்னார். கடைசியில் உடம்பில் தெம்பு தீர்ந்தபோது ஒரு பைபிள் வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். யாத்திராகமம் 14:14. "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்."

என் வீட்டுக்காரர் உடனே கேட்டார்: "சும்மா இருந்தா 127 எப்படி வரும்?"

நல்ல கேள்விதான். எனக்குப் பதில் வரவில்லை. என் முழங்கால்தான் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் இதை ஆரம்பிக்கிறேன். உங்களிடமும் இப்படிக் கதை இருந்தால் இங்கே எழுதுங்கள்.

பிளஸ் ஒன் படிக்கும்போது நான் 400 மீட்டர் ஓடுவேன். காலையில் வ.உ.சி. மைதானத்தில் பயிற்சி, அப்புறம் பள்ளிக்கூடம். ஒருநாள் விளையாட்டாகக் கோ-கோ ஆடப் போய்த் திரும்பும்போது, முருங்கைக்காய் ஒடிந்த மாதிரி முழங்காலுக்குள் ஒரு சத்தம். லிகமென்ட் கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்குள் ஒரு ஜெபக்கூட்டம் வந்தது. வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் என் தலையில் கை வைத்து, "விசுவாசம் இருந்தால் கட்டை அவிழ்த்துப்போட்டு ஓடு மகளே" என்றார். மேடையிலிருந்து கேட் வரை ஓடினேன். ஜனங்கள் கை தட்டினார்கள். ராத்திரி கால் தேங்காய் அளவுக்கு வீங்கியது. யார், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், அதைச் சொல்ல வரவில்லை. எனக்கு வலியைவிட, என் விசுவாசம் பத்தவில்லை போல என்ற நினைப்புத்தான் பல மாதம் தின்றது.

ஆபரேஷன் முடிந்ததும் என்னை வெள்ளோடு பக்கத்தில் அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டில் விட்டார்கள். படுத்துக்கொண்டு காலை மடக்காமல் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஃபிசியோ சொன்ன முதல் பயிற்சி அதுதான். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று எண்ண அம்மாயிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. 121-ஆம் சங்கீதம் தெரியும். ஒரு வசனம் சொல்லி முடிக்கும் வரை கால் மேலே நிற்க வேண்டும். மொத்தம் 8 வசனம், 8 தடவை. முதல் வாரம் எல்லாம் மூன்றாவது வசனத்திலேயே கால் பொத்தென்று விழும். அதுவும் எந்த இடத்தில்? "உன் காலைத் தள்ளாடவொட்டார்." நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியாது. அம்மாயி மட்டும் அசரவில்லை. "மறுக்காத் தூக்கு கண்ணு. அவரு உறங்க மாட்டாரு. நீயும் உறங்காதே."

மொட்டைமாடியில் பாய் போட்டுத்தான் இந்தப் பயிற்சி. அங்கிருந்து பார்த்தால் சென்னிமலை தெரியும். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று அம்மாயி அந்தப் பக்கம் பார்த்துத்தான் சொல்லும். பால் கொண்டுவரும் அக்கா ஒருநாள் கேட்டே விட்டார்: "ஏனுங் ஆத்தா, உங்க சாமி பாட்டைப் பாடிட்டு எங்க முருகனைப் பாக்கறீங்க?"

"மலையை உண்டாக்குனவரைத்தான் பாக்கறேன் அம்மணி. நீ சொம்பை வெச்சுட்டுப் போ."

அடுத்த வருஷம் மறுபடி ஓடினேன். பழைய டைமிங் வரவே இல்லை. மாவட்டப் போட்டியில் ஆறாவது. ஓடி முடித்து வந்தால் அம்மாயி கேட்டது ஒன்றே ஒன்று: "காலு வலிக்குதா?" வலிக்கவில்லை.

சோமனூர் தறிக்காரன்:

எங்கள் கபடி டீமில் மேட்சுக்கு முன்னால் மாரியம்மன் கோயில் திருநீறும் உண்டு, கருமத்தம்பட்டி மாதா கோயில் மெழுகுவர்த்தியும் உண்டு. தோற்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று கேப்டனுக்குத்தான் குழப்பம். பெரிய அனுபவம் எல்லாம் என்னிடம் இல்லைங்க. படிக்க வந்தேன், எழுதுங்கள்.

கோவை பழைய கீப்பர்:

எங்கள் அப்பா சபையில் மூப்பர். நான் கோல் கீப்பர். எனக்கு 17 வயதில் ஜூனியர் டீம் செலக்‌ஷன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி. "அன்னிக்கு ஆராதனை. பந்து எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். பந்து ஓடித்தான் போனது. அந்த வருஷம் விட்டது, திரும்பி வரவே இல்லை.

எனக்கு ஆறுதல் என்று நினைத்து அப்பா அடிக்கடி சொல்லும் கதை எரிக் லிடல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓடமாட்டேன் என்றவர். 400 மீட்டருக்கு மாறி 47.6 வினாடியில் தங்கம். "பாத்தியா, கர்த்தருக்குக் கொடுத்தா கர்த்தர் கொடுப்பாரு." எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு எங்கே 400 மீட்டர்?

வயதான பிறகுதான் அந்த மனிதரைப் பற்றி நானாகப் படித்தேன். முதலில் ஒன்று, பிரசங்கத்தில் சொல்கிற மாதிரி அவர் கடைசி நிமிடத்தில் விலகவில்லை. அட்டவணை பல மாதம் முன்பே தெரியும், 400-க்கு உட்கார்ந்து தயாரானார். அடுத்த வருஷமே சீனாவுக்கு மிஷனரியாகப் போய்விட்டார். அவர் பிறந்ததே அங்கேதான். யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குப் பாடம், விளையாட்டு எல்லாம் இவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு கிடையாது என்று முதலில் உறுதியாக இருந்தார். பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாமல் அடிதடியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையும் இவரே விசிலோடு இறங்கினார். ஒலிம்பிக் 100 மீட்டருக்காகக்கூட விட்டுக்கொடுக்காத நாளை அந்தப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார்! 1945 பிப்ரவரி 21 அன்று மூளைக் கட்டியில் அதே முகாமில் இறந்துபோனார். வயது 43. விடுதலை வந்தது அந்த வருஷம் ஆகஸ்டில்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப அந்தப் பசங்களுக்காக வந்தாராக்கும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வெள்ளை வேட்டியும் கையில் வேதாகமமுமாக, பேரன் மேட்ச் ஆடும் மைதானத்துக்கு வந்தார். வந்து கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றார். மன்னிப்பு என்று வாயால் எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பெயர் வேண்டாம்:

ஒத்துப் பாடுகிறவர்கள் மட்டும் எழுதினால் போதுமா? நானும் ஓடினவன்தான், 1500 மீட்டர். அம்மாவுக்காக ஒரு வருஷம் உபவாசம் இருந்து ஜெபித்தேன். அம்மா போய்விட்டது. அதோடு நானும் சபைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்லும் சாட்சிக் கூட்டங்களில் ஜோனதன் எட்வர்ட்ஸ் கதையை முழுதாக யாரும் சொல்வதில்லை. ட்ரிபிள் ஜம்ப். ஞாயிற்றுக்கிழமை என்பதால் 1991 உலகப் போட்டியை விட்டவர். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் ஆடலாம் என்று மனம் மாறி, 1995-ல் 18.29 மீட்டர் தாண்டினார். முப்பது வருஷம் ஆகியும் அதை யாரும் தாண்டவில்லை. 2000-ல் சிட்னியில் தங்கம். ஓய்வு பெற்ற பிறகு தனக்கு விசுவாசம் போய்விட்டது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? அந்த அரையிறுதியில் ஆஸ்திரேலியா கேட்ச் விட்டார்களே, அதுவும் கர்த்தர் செயல்தானா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். இப்போதும் காலையில் ஓடும்போது மூச்சு கனத்தால், அம்மா பாடின ஒரு பாமாலைத் தாளத்தில்தான் காலடி விழுகிறது. வேறு தாளத்துக்கு மாற்றிப் பார்த்தேன், நிற்கவில்லை.

ஈரோட்டுக்காரி:

பிரதர், கேட்சைப் பற்றி எனக்குத் தெரியாது. என் காலுக்குக் கிடைத்தது உங்கள் அம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்றும் தெரியாது. கேட் வரை ஓடி கால் வீங்கினவளிடம் பதில் கேட்காதீர்கள். இங்கேயே இருங்கள்.

கோபி பி.டி. வாத்தியார்:

நான் கிறிஸ்தவன் இல்லை, பச்சைமலை முருகன் பக்தன். 22 வருஷமாகப் பிள்ளைகளை ஸ்போர்ட்ஸ் மீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். ஓட்டத்துக்கு முன்னால் எல்லாப் பிள்ளையும் சாமி கும்பிடும். அதில் நான் பெரிதாக எதையும் கண்டதில்லை. ஒரு பெண்ணை மட்டும் மறக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பு, 100 மீட்டர், அந்த வருஷம் நிச்சயம் மெடல் என்று எழுதி வைத்திருந்தேன். துப்பாக்கி வெடிக்கும் முன்னால் கிளம்பிவிட்டது. ஃபால்ஸ் ஸ்டார்ட், வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் நடுவரிடம் கத்திக்கொண்டிருந்தேன். அது வேப்பமரத்தடியில் போய் முழங்கால் போட்டது. ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்து, ரிலே ஓடும் பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு போனது.

"அழுவாச்சி வரலையா சாமி?" என்று கேட்டேன்.

"வந்துச்சுங் சார். ஜெபத்துலயே அழுதுட்டேன். அங்கயே தீந்துபோச்சு."

எனக்குத் தீரவில்லை. நான் பஸ்ஸில் வரும்போதும் நடுவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன்.

திருப்பூர் பிரிண்டிங்:

நமக்கும் விளையாட்டுக்கும் ரொம்ப தூரம். ஆனால் விளையாடுகிறவர்களுக்கு ஜெர்சி அடித்துக் கொடுக்கிறோம். சபை டோர்னமென்ட் என்று ஆர்டர் வந்தால் முதுகில் பாதிக்கு மேல் ஒரே வசனம்தான், பிலிப்பியர் 4:13. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." அதை அச்சடிக்கும் ஸ்கிரீனைக் கழுவுவதே இல்லை, அப்படியே வைத்திருப்போம்.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றுபோனதே, அப்போது இரண்டு பெரிய ஆர்டர் கேன்சல். துணி வாங்கின கடன் தலைக்கு மேலே. வண்டியை விற்றேன். ஒரு டேபிளையும் விற்றேன். ராத்திரி தூக்கம் வராமல் அந்த ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருப்பேன், எல்லாவற்றையும் செய்யப் பெலன் உண்டாம்! என் அம்மா ஒருநாள் கேட்டது: "அதுக்கு முந்தின வசனத்தை என்னிக்காச்சும் படிச்சிருக்கியா?" நிஜமாகவே படித்ததில்லை. 12-ஆம் வசனம். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." அப்புறம் பட்டினி, குறைவு என்று வரிசையாக வருகிறது. அப்போஸ்தலர் பவுல் இதை எழுதினது கட்டுண்ட கைதியாக. கோல் போடுவதைப் பற்றி அந்த ஆள் பேசவே இல்லை. அன்றைக்கு அம்மா ராகிக் களி கிண்டியிருந்தது. கீரைக் குழம்பு ஊற்றி இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்குத் தூக்கம் வந்தது. அவ்வளவுதான் என் சாட்சி.

ஆனால் இத்தனை வருஷத்தில் 4:12 அடித்துக் கொடுங்கள் என்று ஒரு டீமும் கேட்டதில்லை.

கோவை பழைய கீப்பர்:

எங்கள் சபை டீம் போன டோர்னமென்டில் முதல் ரவுண்டிலேயே 6-0 வாங்கினது. 4:12-ஏ அடித்துக்கொடுங்கள். பதினாலு பீஸ், அதில் எக்ஸ்எல் நாலு. கீப்பர் ஜெர்சி மஞ்சளில் வேண்டும். என்ன விலை வரும்?

திருப்பூர் பிரிண்டிங்:

துணி என்ன கனம், எத்தனை ஜிஎஸ்எம் வேண்டும் என்று சொல்லுங்க. புது ஸ்கிரீன் போடணும், அதற்குக் காசு வாங்க மாட்டேன்.