தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆரம்பிக்கிறேன்: கடை எடுக்கலாமா, வீட்டிலிருந்தே செய்யலாமா?

தண்டையார்பேட்டை பையன்:
வணக்கம். சில வருஷமாக ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். டெஸ்க்டாப், லேப்டாப், பிரிண்டர் எல்லாம் கை பழகிவிட்டது, சிப் லெவல் வேலை மட்டும் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். இனி சொந்தமாகச் செய்யலாம் என்று இருக்கிறேன். டி.எச். ரோடு பக்கம் சின்னதாக ஒரு கடை காலியாக இருக்கிறது, ஆனால் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள், அதைக் கொடுத்துவிட்டால் பொருள் வாங்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது. போர்டு இருந்தால்தான் நாலு பேர் நம்புவார்கள் என்கிறார் அம்மா. கடை போடலாமா, இல்லை போன் வந்தால் வண்டியில் போய்ப் பார்க்கலாமா? ஜிஎஸ்டி எல்லாம் முதல் நாளே வேண்டுமா?

ராயபுரத்து அண்ணன்:
தம்பி, இப்போதைக்குக் கடை வேண்டாம். வீட்டுக்காரர்கள் சிஸ்டம் கெட்டால்தான் கூப்பிடுவார்கள், அதை நம்பி மாசா மாசம் வாடகை கட்ட முடியாது. நிலையான வருமானம் ஆபீஸ்களில்தான் இருக்கிறது. மண்ணடி, பாரிமுனையில் ஹார்பர் வேலை பார்க்கிற கிளியரிங் ஆபீஸ்கள், மாதவரம், மணலி பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ்கள், எல்லாவற்றிலும் நாலைந்து சிஸ்டமும் ஒரு பிரிண்டரும் இருக்கும், பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் இருக்காது. அவர்களிடம் ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், பேசுங்கள். மாதம் ஒரு தடவை நேரில் வருவீர்களா, அவசரத்துக்குக் கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் வருவீர்கள், பொருள் செலவு யாருடையது, யுபிஎஸ் பேட்டரி அதில் சேருமா, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பேட்டரியில்தான் தகராறு வரும்.

பொருளையும் வாங்கிக் குவிக்காதீர்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தே கம்ப்யூட்டர் உதிரிபாகங்கள் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய்விடலாம். ஒரு எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குள் இருக்கிற பவர் சப்ளை), ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்), ரெண்டு ரேம், கொஞ்சம் கேபிள், இவ்வளவு பையில் இருந்தால் போதும்.

காசிமேடு கீபோர்டு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் கடல் காற்று. கேபினட்டைத் திறந்தால் ரேமின் தங்கக் கால்கள் கறுத்துப் போயிருக்கும், சில மதர்போர்டுகளில் கனெக்டர் ஓரமெல்லாம் பச்சையாகப் பூத்திருக்கும். டிஸ்ப்ளே வராத சிஸ்டம் பல, அழிப்பான் வைத்துத் தேய்த்து, ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் துடைத்ததுமே வந்துவிடும். அதற்கு மதர்போர்டே போய்விட்டது என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். சுத்தம் செய்ததற்கு மட்டும் நியாயமாக வாங்குங்கள், அந்தத் தெருவே உங்களைத் தேடி வரும்.

அப்புறம், டேட்டா. எம்.சி. ரோடு துணிக்கடைக்காரருக்குச் சிஸ்டம் போனால் வேறு வாங்கிக்கொள்வார், டாலி சாஃப்ட்வேரில் இருக்கிற கணக்கு போனால் தீபாவளி நேரத்தில் யார் எவ்வளவு பாக்கி என்பதே தெரியாது. ஹார்ட் டிஸ்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் இருப்பதும் போகும், ரெக்கவரி தெரிந்தவரிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள். பேக்கப் எடுக்காமல் எந்த டிஸ்கையும் ஃபார்மேட் பண்ணாதீர்கள், அவசரம் என்று வாடிக்கையாளரே சொன்னாலும்.

கணக்கு அக்கா பெரம்பூர்:
தம்பி, சர்வீஸ் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி கட்டாயமில்லை. எடுத்துவிட்டால் பில்லே போடாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், அதனால் ஏதாவது ஆபீஸ் ஜிஎஸ்டி பில்தான் வேண்டும் என்று கேட்கிறபோது யோசிக்கலாம். உத்யம் எனும் சிறு தொழில் பதிவு மட்டும் இப்போதே செய்யுங்கள், அரசாங்கத் தளத்தில் இலவசம், யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தொழிலுக்குத் தனியாக ஒரு கரன்ட் அக்கவுன்ட் இருக்கட்டும். பின்னால் கடை எடுத்தால் மாநகராட்சித் தொழில் உரிமம் வேண்டியிருக்கும்.

காசிமேடு கீபோர்டு:
இன்னொன்று விட்டுப்போச்சு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்டெல் 8-ஆம் ஜெனரேஷன் பிராசஸருக்கு முந்தைய சிஸ்டங்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது, சின்ன ஆபீஸ்களில் இருப்பதோ அதிகமும் அவைதான். எதை எஸ்எஸ்டி, ரேம் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸில் ஓட்டலாம், எதை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், ஏஎம்சி பேசப் போக அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. டாலி ஓடுகிற சிஸ்டத்தில் மட்டும் லினக்ஸ் வேண்டாம். திருட்டு விண்டோஸ் போடச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், நாளைக்கு வைரஸ் வந்தால் உங்களைத்தான் கேட்பார்கள்.

தண்டையார்பேட்டை பையன்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. கடையை விட்டுவிடுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: போய்ப் பார்த்துவிட்டு, செலவைக் கேட்டதும் வேண்டாம் என்று சொன்னால் வந்ததற்குப் பணம் கேட்கலாமா?

ராயபுரத்து அண்ணன்:
கேட்கலாம், ஆனால் போனிலேயே சொல்லிவிட வேண்டும். பார்க்க இவ்வளவு, வேலை கொடுத்தால் அதைப் பில்லில் கழித்துக்கொள்வேன் என்று சொல்லுங்கள். சிஸ்டத்தை வீட்டுக்கு எடுத்து வருவதாக இருந்தால் சீரியல் நம்பரையும் உள்ளே இருக்கிற பொருளையும் அவர்கள் முன்னாலேயே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள்.