முகச் சுருக்கத்துக்கு லேசர்: 52 வயதில் இது தேவையா?

வாசுகி52: கண்ணோரம், மேலுதடு, கன்னம் எல்லாம் கோடு. க்ரீம் தடவித் தடவி ஓய்ந்துவிட்டேன். தோல் மருத்துவர் ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்யலாம் என்கிறார். நான் மாநிறத்தைவிட ஒரு படி கறுப்பு. செய்துகொண்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சுருக்குப்பை: வேண்டாம்க்கா. வயசானா தோல் சுருங்கத்தான் செய்யும். காசு குடுத்து மூஞ்சியைச் சுட்டுக்கிறதுக்குப் பேரு வைத்தியமா?

மூன்றாம்பிறை: தம்பி, சுடுறதுதான். இல்லைன்னு யாரு சொன்னா? எப்படிச் சுடுதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. இந்த லேசரோட அலைநீளம் 10,600 நானோமீட்டர். தோல்ல இருக்கிற தண்ணி அதை உறிஞ்சி நொடியில ஆவியாயிடும். முந்தியெல்லாம் மேல்தோல் மொத்தத்தையும் சீவி எடுத்தாங்க, ஆறறதுக்குள்ள உயிர் போயிடும். துளைத்துளையா சுட்டு, நடுவுல நல்ல தோலை விட்டுவைக்கிற இந்த ஃப்ராக்ஷனல் யோசனை 2004-ல வெளிவந்தது. அந்த நல்ல தோல்தான் பக்கத்துப் புண்ணைச் சீக்கிரம் மூடுது. உள்ளே புது கொலாஜன், அதான் தோலை இறுக்கிப் பிடிக்கிற புரதம், ஊற மூணுலேர்ந்து ஆறு மாசம் ஆகும். மறுநாளே கண்ணாடியைப் பார்த்துட்டு "ஏமாத்திட்டாங்க"ன்னா எப்படி?

நான் செஞ்சுகிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. மரத்துப்போற களிம்பு பூசியும் சுருக் சுருக்னு குத்துச்சு, முடி கருகின வாடை வேற. மூணாம் நாள் மூஞ்சி முழுக்கப் பழுப்புப் புள்ளி, தொட்டா உப்புத்தாள் மாதிரி. ஒரு வாரத்துல உதிர்ந்துடுச்சு. சிவப்புதான் ஒரு மாசம் இருந்தது. மேலுதட்டுக் கோடு பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. முழுசா போகலை, அதையும் சொல்லிடறேன்.

சுருக்குப்பை: உங்களுக்கு நல்லா வந்துச்சு, சந்தோஷம். என் அக்காவுக்குக் கோடு குறைஞ்சுது, பதிலுக்குக் கன்னம் ரெண்டுலயும் கருந்திட்டு வந்துச்சு. எட்டு மாசம் துப்பட்டாவை இழுத்து இழுத்து மறைச்சுக்கிட்டுத்தான் வெளிய போனா. எங்க செஞ்சாங்கன்னு சொல்ல விரும்பலை.

மூன்றாம்பிறை: அடடா. வெயில்ல போனாங்களா?

சுருக்குப்பை: இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும்! எது நடந்தாலும் பழி நோயாளி தலையிலதான். கருக்கும்னு முன்னாடி யாரும் வாயைத் திறந்து சொல்லலை. கையெழுத்து வாங்கின தாள்ல மட்டும் எறும்பு சைஸ் எழுத்துல இருந்துச்சு.

களிம்புக்கடை: தோல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் குறுக்கே வருகிறேன். சுருக்குப்பை கோபப்படுவது நியாயம். தோல் நிறத்தை இப்போது ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-லேயே தொடங்கிவிட்டது. அதில் நான்கு முதல் ஆறு வரை, அதாவது மாநிறத்திலிருந்து கறுப்பு வரை உள்ளவர்களுக்கு லேசருக்குப் பின் கருக்கும் வாய்ப்பு அதிகம். இந்த லேசர் குறிவைப்பது தண்ணீரைத்தான், நிறமியை அல்ல. ஆனாலும் சூட்டால் வரும் அழற்சி நிறமிச் செல்களை உசுப்பிவிடும். நோயாளி கேட்காவிட்டாலும் இதைச் சொல்லவேண்டியது மருத்துவர்தான்.

அதற்காக "கறுப்புத் தோலுக்கு லேசரே ஆகாது" என்று ஒதுக்கவும் வேண்டாம். துளைகளை இடைவெளி விட்டுப் போடலாம், அமர்வுகளைக் கூட்டலாம். மேல்தோலைக் கிழிக்காத 1,550 நானோமீட்டர் வகையும் உண்டு. பலன் மெதுவாக வரும், ஆபத்து குறைவு. வாசுகி அம்மா, உதட்டில் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருமா? வந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தக் கொப்புளத்தைத் தரும் ஹெர்பஸ் கிருமி புண்பட்ட முகம் முழுக்கப் பரவிவிடும், அதற்கு முதலிலேயே மாத்திரை தருவார்கள்.

சுருக்குப்பை: இவ்வளவு கூத்துக்கு சன்ஸ்க்ரீன் பூசிட்டுப் போலாமே! ஆஸ்திரேலியாவுல 900 பேருக்கு மேல வெச்சு நாலரை வருஷம் பார்த்திருக்காங்க. தினமும் பூசினவங்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவுன்னு 2013-ல வெளியிட்டாங்க.

மூன்றாம்பிறை: அது இனிமே வர்றதைத் தடுக்கறதுக்கு. ஏற்கெனவே பள்ளம் விழுந்த கோட்டை அது எப்படித் தூக்கும்? 28 வருஷம் லாரி ஓட்டின ஒருத்தரோட படம் 2012-ல ஒரு மருத்துவ இதழ்ல வந்ததே, ஞாபகம் இருக்கா? ஜன்னல் பக்கத்து இடது கன்னம் மட்டும் தொங்கிப் பாளம் பாளமா, வலது கன்னம் இளசா. ஜன்னல் கண்ணாடி வழியா வந்த யுவிஏங்கற வெயில் கதிரோட வேலை. அந்த இடது கன்னத்துக்கு இப்போ போய் சன்ஸ்க்ரீன் பூசினா?

சுருக்குப்பை: பூசினா இன்னும் மோசமாகாது. கருந்திட்டும் வராது. போதாதா?

வாசுகி52: எனக்குப் போதாதுப்பா. எனக்காகப் பேசுகிறாய், புரிகிறது. புருவ நடுவில் இரண்டு கோடு இருக்கிறதே, அதுவும் லேசரில் போகுமா?

களிம்புக்கடை: முகம் சுளிக்கும்போது ஆழமாகிறதா? அப்படியானால் அது தசை இழுப்பது. அதற்கு தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசிதான் பொருத்தம், லேசர் அதிகம் உதவாது.

வாசுகி52: சரி. காதுக்கு முன்னால் ஒரு சின்ன இடத்தில் மட்டும் செய்துபார்க்கச் சொல்லப்போகிறேன். இரண்டு மாதம் கழித்துக் கருக்காமல் இருந்தால் மீதி.

சுருக்குப்பை: முடியை அந்தப் பக்கம் வழிச்சு விட்டுக்கங்கக்கா, கருத்தாலும் தெரியாது. அந்தத் தாளையும் முழுசா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

மூன்றாம்பிறை: இந்த ஒண்ணுல தம்பி சொல்றதைக் கேளுங்க.