இரண்டு மாடி வீட்டு வேலைக்குப் பாதுகாப்பு பெல்ட் தேவையா?

கிருஷ்ணகிரி வாசி:
காவேரிப்பட்டணம் பக்கத்தில் தரைத்தளமும் மாடியுமாக வீடு கட்டுகிறேன். அடுத்து மாடிக் கூரைக்குக் கான்கிரீட், அதன் பிறகு வெளிப்பூச்சு. மேலே ஏறுகிற எல்லோரும் பாதுகாப்பு பெல்ட் மாட்ட வேண்டும் என்கிறார் பொறியாளர். "இந்த உயரத்துக்கு எவன் பெல்ட் போடுவான்?" என்கிறார் மேஸ்திரி. வாங்கிக் கொடுக்க நான் தயார். பயன்படுமா, சிமென்ட் மூட்டை அறையில் தொங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் சேஃப்டி:
பொறியாளர் சொல்வதுதான் சரி. அமெரிக்கக் கட்டுமான விதிப்படி ஆறடி உயரத்திலேயே விழாமல் காக்கும் ஏற்பாடு கட்டாயம். உங்கள் மாடி அதைப்போல மூன்று மடங்கு. சிப்காட்டில் கூரைத் தகடு மாற்றக்கூட பெல்ட் இல்லாமல் யாரையும் ஏற்ற மாட்டோம். ஒரு எச்சரிக்கை: இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை வாங்காதீர்கள். விழும்போது மொத்த இழுப்பும் வயிற்றில் விழும். விழுபவரைத் தாங்க அதைப் பயன்படுத்துவதை அமெரிக்காவில் 1998 ஜனவரியிலேயே தடைசெய்துவிட்டார்கள். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும்.

பாலக்கோடு மேஸ்திரி:
சிப்காட்டில் இரும்புத் தூண் இருக்கிறது, உத்தரம் இருக்கிறது, கொக்கியை மாட்டுகிறீர்கள். எங்கள் வேலையில் எதில் மாட்டுவது? சவுக்குக் கம்பத்திலா? அந்தச் சாரமே தேங்காய் நார்க் கயிற்றில் நிற்கிறது. ஆள் விழுந்தால் சாரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருவான். பூச்சுக்காரன் கையில் கரண்டியும் மணியாசுப் பலகையும் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பவன். நான்கடிக்கு ஒருமுறை கொக்கியைக் கழற்றி மாட்டினால் சாயங்காலம் சதுர அடிக் கணக்கு யார் பார்ப்பது? நான் பாதுகாப்புக்கு எதிரி இல்லை ஐயா. செய்ய முடிந்ததைச் சொல்லுங்கள்.

ஓசூர் சேஃப்டி:
மாட்ட இடம் இல்லை என்பது சாக்கு. தூணுக்காக விட்டிருக்கும் கம்பி தளத்தில் நிற்கிறதே?

அரூர் சென்ட்ரிங்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். பெங்களூரில் அடுக்குமாடி வேலையில் பெல்ட் போட்டே பழகியவன் நான். அதை வெறுப்பவன் இல்லை. ஆனால் இந்த வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெல்ட்டோடு வரும் கயிறு 1.8 மீட்டர். காலடி மட்டத்தில் மாட்டினால், பெல்ட்டின் முதுகில் கயிறு சேரும் வளையம் அந்த மட்டத்துக்குக் கீழே கயிற்றின் முழு நீளமும் போன பிறகுதான் கயிறு இழுக்கும். அதிர்ச்சியைத் தாங்கும் மடிப்புப் பட்டை கிழிந்து விரிவது 1.75 மீட்டர் வரை. அந்த முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். கையிருப்பாக ஒரு மீட்டர். மொத்தம் ஆறு மீட்டர், அதாவது இருபதடி. முதல் தளம் தரையிலிருந்து பத்தடி. கயிறு வேலையைத் தொடங்கும் முன்பே ஆள் மண்ணைத் தொட்டுவிடுவான். மேல் தளத்தில் இருபதடி. அங்கேயும் கீழே செங்கல் அடுக்கோ ஜல்லிக் குவியலோ இருந்தால் கணக்கு உதைக்கும்.

தூண் கம்பி யோசனையை விட்டுவிடுங்கள். மாட்டுகிற இடம் ஒரு ஆளுக்கு 5,000 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது நீங்கள் சொன்ன அதே அமெரிக்க விதி. கிட்டத்தட்ட 2,270 கிலோ. செங்குத்தாக நிற்கும் கம்பி அறுந்துபோகாது, ஆனால் பக்கவாட்டு இழுப்பில் வளைந்துவிடும். நுனியில் தடுப்பு ஏது? வளையம் வழுக்கி வெளியே வந்துவிடும்.

இவ்வளவு குறைந்த உயரத்தில் விழுந்தவனைப் பிடிக்கும் ஏற்பாடு வேலைக்கு ஆகாது. விழவே விடாத ஏற்பாடுதான் வேண்டும். தள விளிம்பிலும் சாரத்திலும் தடுப்புக் கம்பு கட்டுங்கள். 42 அங்குல உயரத்தில் ஒன்று, அதற்குப் பாதியில் இன்னொன்று, செங்கல் துண்டு கீழே உருளாமல் இருக்க அடியில் ஒரு பலகை.

பாலக்கோடு மேஸ்திரி:
இப்போதுதான் வேலை தெரிந்த பேச்சு வருகிறது.

ஓசூர் சேஃப்டி:
நீங்கள் காலடி மட்டத்தை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள், அண்ணா. தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரம் வெகுவாகக் குறையும். இன்னொரு வழியும் உண்டு: விளிம்பைத் தொடவே விடாத அளவுக்குக் கயிற்றைச் சுருக்கிக் கட்டுவது. விழுந்தால்தானே பிடிக்க வேண்டும்? கம்பு கட்ட முடியாத மூலைகளுக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போகும் வேலைக்கு அதுதான் கைகொடுக்கும். பெல்ட்டை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். "பெல்ட் தேவையில்லை என்று இணையத்திலேயே போட்டிருக்கிறார்கள்" என்று நாளைக்கே இதை யாராவது காட்டுவார்கள்.

அரூர் சென்ட்ரிங்:
விளிம்பை எட்டாத கயிறு, சரி. ஆனால் தலைக்கு மேல் மாட்ட, கூரை வார்க்கிற தளத்தில் மேலே என்ன இருக்கிறது? வானம்தான்.

ஊத்தங்கரை மலர்:
இத்தனை பேர் பேசியும் சித்தாளைப் பற்றி ஒரு வரி இல்லை. என் அம்மா இந்த வேலைதான் செய்தார். தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. ஹெல்மெட்டை எங்கே வைப்பது? ஒரு கை சட்டியைப் பிடித்திருக்கும், மறு கை சேலையைத் தூக்கிப் பிடித்திருக்கும். அந்தக் கோலத்தில் இரண்டு பலகை அகலச் சரிவில் ஏறி இறங்க வேண்டும். பலகையில் சிந்திய சிமென்ட் பால் காயாமல் இருந்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கம்பு கிடையாது. பெல்ட் வாங்கினாலும் ஆண்களுக்குத்தான் வாங்குவீர்கள். மேஸ்திரி ஐயா, சரிவுக்குக் கைப்பிடி கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

பாலக்கோடு மேஸ்திரி:
அரை நாள் கூட ஆகாது தங்கச்சி. கட்டுவதில்லை என்பது உண்மைதான். கம்புக்கு வாடகை, கட்டுகிற ஆளுக்குக் கூலி. சதுர அடி ரேட்டில் இதற்கு இடமே இல்லை. கேட்டால் பக்கத்து மேஸ்திரி பத்து ரூபாய் குறைவு என்று வீட்டுக்காரர் அங்கே போய்விடுகிறார்.

பென்னாகரம் தம்பி:
சட்டம் என்று ஒன்று இருக்கிறதே? புகார் கொடுத்தால் தானாகக் கட்டுவார்கள்.

ஓசூர் சேஃப்டி:
தம்பி, கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996 சட்டம் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தைத் தொட்டதில்லை. பத்து லட்சம் ரூபாய்க்குள் கட்டும் சொந்த வீட்டுக்கும் விலக்கு இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020 தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அந்த ரூபாய் வரம்பு ஐம்பது லட்சமாகிவிட்டது. நம் மாவட்டங்களில் கட்டுகிற வீடுகளில் பெரும்பாலானவை எதில் அடங்கும் என்று நீங்களே பாருங்கள். இங்கே அதிகாரி வரமாட்டார். வீட்டுக்காரர் கேட்டால்தான் உண்டு.

கிருஷ்ணகிரி வாசி:
அப்படியென்றால் நான்தான் கேட்க வேண்டும். தடுப்புக் கம்பு, சரிவுக் கைப்பிடி, முழு அகலப் பலகை ஆகியவற்றைச் சதுர அடி ரேட்டில் சேர்க்காமல் தனி வரியாக எழுதித் தரச் சொல்கிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பாலக்கோடு மேஸ்திரி:
தனி வரி என்றால் எந்த மேஸ்திரியும் கட்டித் தருவான். பலகை முனையைப் பாருங்கள். தாங்கு கம்பைத் தாண்டி இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தால் அதில் கால் வைத்தவனோடு மறுமுனை எழும்பிவிடும். இரண்டு முனையையும் கட்டச் சொல்லுங்கள். சுவருக்குத் தண்ணீர் காட்டும்போது நார்க் கயிறு நனைந்து இறுகும், வெயிலில் காய்ந்ததும் தளரும். காலையில் ஏறும் முன் முடிச்சுகளைக் கையால் இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். நைலான் கயிறு வேண்டாம், சவுக்கில் வழுக்கும்.

ஊத்தங்கரை மலர்:
படிக்கட்டு வார்ப்பதற்காகத் தளத்தில் விட்டிருக்கும் திறப்பு? அதைச் சிமென்ட் சாக்கு போட்டு மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். கீழே ஓட்டை இருப்பது சாக்கை மிதித்தால்தான் தெரியும். ஆணி அடித்த பலகை போடுங்கள், இல்லையென்றால் சுற்றிலும் கம்பு கட்டுங்கள்.

ஓசூர் சேஃப்டி:
ஏணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். மேல்முனை தளத்தைத் தாண்டி மூன்றடி நீண்டிருக்க வேண்டும், இறங்கும்போது பிடித்துக்கொள்ள. பிறகு, தொட்டி வேலைக்கு இரண்டு முழு உடல் பெல்ட். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

பாலக்கோடு மேஸ்திரி:
தொட்டிக்கு இரண்டு, சரி. பூச்சுக்காரனுக்கு மாட்டச் சொன்னால் நான் வரமாட்டேன்.

ஓசூர் சேஃப்டி:
பூச்சுச் சாரத்துக்கு நடுக் கம்பும் சேர்த்துக் கட்டினால் நான் கேட்கவும் மாட்டேன். மேல் கம்பு ஒன்றை மட்டும் கட்டிவிட்டுக் கணக்கு முடிப்பவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். குனிந்து பூசுகிறவன் அதற்குக் கீழேதான் விழுவான்.

கிருஷ்ணகிரி வாசி:
நடுக் கம்பு என்று தனியாக எழுதிவிட்டேன். சவுக்கு எத்தனை கூடுதலாகச் சொல்லட்டும், மேஸ்திரி ஐயா? வீட்டின் வெளிச் சுற்றளவு 140 அடி.

பாலக்கோடு மேஸ்திரி:
உங்கள் மேஸ்திரியிடமே கேளுங்கள். அவர் இடத்தில் நான் கணக்குச் சொல்லக் கூடாது. ஒன்று மட்டும்: பூச்சு இரண்டு அடுக்குச் சாரம் என்றால், அடுக்குக்கு அடுக்கு கம்பு வேண்டும். கீழ் அடுக்கை விட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.