121 தோல்விக்குப் பிறகு: ஒயிட் சாக்ஸ் ரசிகர்கள் கண்டதும் கணக்கிட்டதும்

35வது தெரு | 2024 டிசம்பர் 12

சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி இந்த ஆண்டை 41 வெற்றி, 121 தோல்வியோடு முடித்தது. 1962-ல் அப்போதுதான் பிறந்த நியூயார்க் மெட்ஸ் 120 ஆட்டம் தோற்றதுதான் நவீன காலத்தின் மோசமான கணக்காக இருந்தது. அதையும் தாண்டிவிட்டோம். போதாததற்கு நேற்று நம் இடதுகைப் பிட்சர் (பந்துவீச்சாளர்) காரெட் க்ரோஷேயைப் பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆறுதல் வார்த்தை வேண்டாம். எந்த ஆட்டத்தில், எந்த இடத்தில், எது உடைந்தது என்பதைப் பார்த்தவர்கள் பார்த்தபடி எழுதுங்கள். அடுத்த ஆண்டு எதை வைத்து நம்பலாம் என்பதையும் எண்ணோடு சொல்லுங்கள். வீட்டுக் கதை, பயணக் கதை எல்லாம் வேறு இழையில்.

ஸ்கோர்கார்டு

என் கணக்கில் முதல் இடம் மே 23, பால்டிமோர் ஓரியோல்ஸுடன் சிகாகோவில் நடந்த ஆட்டம். கடைசியான 9-வது இன்னிங்ஸுக்குள் போகும்போது 8-2 என்று பின்தங்கியிருந்தோம். நான்கு ரன் எடுத்து 8-6 ஆக்கியாச்சு. ஒரு அவுட், முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஆள். நம் பெனின்டெண்டி அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்கும் ஃபீல்டர்) பக்கம் நேரே மேலே போனது.

இங்கே இரண்டு விதிகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. முதலாவது இன்ஃபீல்டு ஃப்ளை. இரண்டு அவுட் ஆகாத நிலையில் முதல் இரண்டு பேஸிலும் ஆள் இருந்து, உள்வட்ட ஃபீல்டர் சிரமமில்லாமல் பிடிக்கக்கூடிய பந்து மேலே போனால், பிடிப்பதற்கு முன்பே பேட்டர் அவுட். ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டு இரண்டு ரன்னர்களை ஏமாற்றக் கூடாது என்பதற்காக, ரன்னர்களைக் காக்க வந்த விதி இது. இரண்டாவது விதி, அடித்த பந்தைப் பிடிக்க வரும் ஃபீல்டருக்கு ரன்னர் வழிவிட வேண்டும். தெரிந்து மறித்தாரா தெரியாமல் மறித்தாரா என்ற கேள்வியே இல்லை. பேஸின்மேல் காலை வைத்து நிற்பவருக்கு மட்டும்தான் விலக்கு.

இரண்டாம் பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நம் ஆண்ட்ரூ வான், பந்துக்காக வந்த ஓரியோல்ஸ் ஷார்ட்ஸ்டாப் குன்னர் ஹெண்டர்சனின் பாதையில் இருந்தார். ஹெண்டர்சன் பந்தைப் பிடித்தும்விட்டார். ஆனாலும் வானும் அவுட், மூன்று அவுட்டோடு ஆட்டம் முடிந்தது. இப்படிச் சொல்வது அம்பயரின் முடிவுக்கு விடப்பட்ட விஷயம், சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை என்று லீக் தங்களிடம் கூறியதாக அணி பிறகு தெரிவித்தது. தோல்வி தோல்விதான்.

ஸ்கோர்கார்டில் குறிப்பவர்கள் கவனிக்க: இரண்டு அவுட்டும் ஷார்ட்ஸ்டாப் கணக்கில்தான் சேரும். மறிக்கப்பட்ட ஃபீல்டருக்கே ரன்னரின் அவுட்டும் எழுதப்படும். அதனால் இது 6 என்ற எண் (ஸ்கோர்கார்டில் ஷார்ட்ஸ்டாப்பின் எண்) தனியாகச் செய்த டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் இரண்டு அவுட். ரன்னருக்கான பாடமும் எளிது. பந்து மேலே போனதும் அண்ணாந்து பார்க்கக் கூடாது, முதலில் ஃபீல்டர் எங்கே என்று பார்க்க வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி பேஸுக்குப் போகலாம், இல்லாவிட்டால் அவர் பாதையை விட்டு விலகி நிற்கலாம்.

கணக்குப்பிள்ளை

ஸ்கோர்கார்டு அண்ணா சொன்ன மாதிரி ஆட்டங்கள் நெஞ்சில் குத்தும். ஆனால் 121-ஐ அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது. கணக்கைப் பாருங்கள்.

எடுத்த ரன் 507, கொடுத்த ரன் 813. ஆட்டத்துக்கு 3.1 எடுத்து 5.0 கொடுத்திருக்கிறோம். எடுத்ததன் வர்க்கத்தை, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் அணி எத்தனை வெல்ல வேண்டியது என்பது கிடைக்கும். 507-ன் வர்க்கம் 2,57,049. 813-ன் வர்க்கம் 6,60,969. விகிதம் 0.28, அதை 162-ஆல் பெருக்கினால் 45 வெற்றி. வர்க்கத்துக்குப் பதில் 1.83 என்ற அடுக்கைப் போட்டால் 48. ஆக, நல்ல நேரம் கூடவே வந்திருந்தாலும் 114 தோல்வி.

காரணம் மட்டை. அணியின் ஆன்-பேஸ் விகிதம் .278. நூறு பேர் மட்டையோடு வந்தால் 28 பேர்கூட பேஸுக்குப் போகவில்லை. 133 ஹோம் ரன் அடித்தும் பயனில்லை, பேஸில் ஆள் இல்லாதபோது ஹோம் ரன் ஒற்றை ரன்தான்.

அடுத்த ஆண்டுக்கான எதிர்பார்ப்பை இப்படி வையுங்கள். ஏறத்தாழ 10 ரன் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம். இப்போது பற்றாக்குறை 306. அது 210-க்கு இறங்கினால் 60 வெற்றி. 96 ரன்னை எடுப்பதில் பாதி, கொடுக்காமல் இருப்பதில் பாதி என்று தேடலாம். 81 வெற்றியைப் பற்றி இப்போதே பேசுபவர்கள் 306 ரன் எங்கிருந்து வரும் என்று முதலில் சொல்லட்டும்.

இடதுகை

க்ரோஷே பற்றி. சீசனுக்கு முன் பெரிய லீக்கில் அவர் வீசியிருந்ததே மொத்தம் 73 இன்னிங்ஸ், எல்லாம் புல்பென்னிலிருந்து, அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசும் பிட்சர்களில் ஒருவராக. 2022-ல் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை வேறு. மார்ச் 28, முதல் நாள் ஆட்டத்தில் டெட்ராய்ட்டுக்கு எதிராக 6 இன்னிங்ஸ், 8 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), கொடுத்தது ஒரே ரன். 1-0 என்று தோற்றோம். முழு சீசனும் அந்த ஒரு நாளுக்குள்ளேயே இருந்தது.

முடிவில் 32 ஆட்டம், 146 இன்னிங்ஸ், 209 ஸ்ட்ரைக்அவுட். கை தாங்காது என்ற பயத்தில் பின்பாதி முழுக்க 4 இன்னிங்ஸோடு நிறுத்தினார்கள். அது சரியான முடிவு என்றே சொல்வேன், ஒரே ஆண்டில் அவ்வளவு ஏற்றம் ஆபத்து. ஆனால் விலை வேறு இடத்தில் விழுந்தது. அவர் வீசிய ஒவ்வொரு நாளும் மிச்சம் 5 இன்னிங்ஸைப் புல்பென் சுமந்தது. அடுத்த நாள் ஸ்டார்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) மூன்றாவது இன்னிங்ஸில் தடுமாறினால் எழுப்பிவிடப் புதிய கை இல்லை. 6-வது, 7-வது இன்னிங்ஸில் முன்னிலை கரைந்த ஆட்டங்களில் பெரும்பாலும் முந்தைய நாளின் புல்பென் கணக்கைப் புரட்டினால் காரணம் கிடைக்கும்.

ஜூலை 10-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். மினசோட்டாவோடு ஒரே நாளில் இரண்டு ஆட்டம். நாம் வென்ற முதலாவதில் கடைசி இன்னிங்ஸை நம் பிட்சர் மைக்கேல் கோபெக் 9 பந்தில், மூன்று ஸ்ட்ரைக்அவுட்டோடு முடித்தார். அதைவிடச் சுத்தமாக ஓர் இன்னிங்ஸை முடிக்கவே முடியாது. அடுத்த வெற்றி ஆகஸ்ட் 6, ஓக்லாண்டில், 5-1. இடையில் தொடர்ச்சியாக 21 தோல்வி.

35வது தெரு

எனக்கு 121-ஐவிட வலிப்பது வேறொன்று. 2016 டிசம்பரில் இதே அணி, இதே பாஸ்டனுக்கு, கிறிஸ் சேல் என்ற இடதுகை ஸ்டார்டரைக் கொடுத்து மொன்காடாவையும் கோபெக்கையும் வாங்கியது. சேல் 2018-ல் பாஸ்டனோடு உலகத் தொடரை வென்றார். இங்கே கிடைத்தது 2020-லும் 2021-லும் இரண்டு பிளேஆஃப், இரண்டிலும் முதல் தொடரிலேயே வெளியே. மொன்காடா இந்த ஆண்டு 12 ஆட்டம்தான் ஆடினார், ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. கோபெக்கை ஜூலையில் டாட்ஜர்ஸுக்கு அனுப்பினோம், அக்டோபரில் அவர் கையில் கோப்பை. அதே பேரத்தில் நமக்கு வந்த வர்காஸின் பேட்டிங் சராசரி இங்கே .104.

எட்டு ஆண்டு கழித்து அதே டிசம்பர், அதே பாஸ்டன், அதே இடதுகை. இந்த முறை வேறு மாதிரி முடியும் என்று எதைக் காட்டி நம்பச் சொல்கிறீர்கள்?

மைனர்வாசி

நியாயமான கேள்வி, அண்ணா. சேலைக் கொடுத்து அணியைக் கட்டிய முதல் முயற்சி ஏன் சரிந்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். மேலே பத்துப் பேர் இருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் ஆளே இல்லை. மொன்காடா, ஹிமெனெஸ், ராபர்ட் மாறி மாறிக் காயப்பட்டபோது மைனர் லீக்கிலிருந்து (இளம் வீரர்கள் வளரும் கீழ்நிலை லீக்) எழுப்ப யாரும் தயாராக இல்லை. ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.

க்ரோஷேக்கு வந்தது நான்கு பேர்: கைல் டீல், பிரேடன் மான்ட்கோமெரி, சேஸ் மைட்ராத், விக்கல்மேன் கோன்சாலெஸ். டீல் கேட்சர் என்பது முக்கியம். இளம் பிட்சர்களை வளர்க்கும் அணிக்கு விக்கெட் கீப்பர் மாதிரி பந்தைப் பிடித்துப் போடும் ஆள் போதாது. ஒவ்வொரு பந்தையும் எங்கே, எந்த வகையில் வீசுவது என்று திட்டமிடுபவர் கேட்சர்தான்.

மைனர் லீக் எண்களைப் படிக்கும் முறை இது. பிட்சருக்கு ரன் கணக்கைப் பிறகு பாருங்கள், அது பின்னால் நிற்கும் ஃபீல்டர்களையும் பொறுத்தது. முதலில் ஸ்ட்ரைக்அவுட் விகிதத்திலிருந்து வாக் (நான்கு தவறான பந்து வீசினால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) விகிதத்தைக் கழியுங்கள். நம் இளம் பிட்சர் நோவா ஷூல்ட்ஸ் இந்த ஆண்டு 88 இன்னிங்ஸில் 115 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். அவர் வீசிய நம் மைனர் அணி பர்மிங்ஹாம் பேரன்ஸ் சதர்ன் லீக் கோப்பையையும் வென்றது. பேட்டருக்கு, நம் இன்னொரு மைனர் அணி ஆடும் சார்லட் மைதானத்தில் அடித்த ஹோம் ரன்னில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள், அங்கே பந்து எளிதாக வெளியே போகும்.

நம் இளம் பேட்டர் கோல்சன் மான்ட்கோமெரி அங்கே .214 அடித்ததைப் பார்த்து எல்லோரும் கைவிடுகிறார்கள். ஆன்-பேஸ் .329 என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 115 புள்ளி இடைவெளி! கண் சரியாக இருக்கிறது, மட்டையின் பாதைதான் கெட்டிருக்கிறது. பாதையைத் திருத்தலாம். பந்தைத் தேர்ந்தெடுக்கும் கண்ணை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

தெற்குப்பக்கம்

டிராஃப்ட் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) விஷயத்தில் ஒரு விளக்கம், பலர் கேட்கிறார்கள். 121 தோற்றும் ஏன் முதல் இடம் இல்லை?

2023 டிராஃப்டிலிருந்து முதல் 6 இடம் லாட்டரி. கடைசி மூன்று அணிக்கும் சம வாய்ப்பு, 16.5 சதவீதம். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க இன்னொரு பூட்டும் உண்டு. வருமானப் பகிர்வில் பணம் கொடுக்கும் பெரிய நகர அணி, அடுத்தடுத்த இரண்டு ஆண்டு லாட்டரி இடம் பெற முடியாது. பணம் வாங்கும் அணிக்கு மூன்றாவது ஆண்டு தடை. சிகாகோ கொடுக்கும் பட்டியலில் இருக்கிறது, 2024-ல் 5-வது இடத்தில் ஹேகன் ஸ்மித்தை எடுத்துவிட்டது. ஆகவே 2025-ல் 10-க்கு மேல் ஏறவே முடியாது. தேர்ந்தெடுத்தவரை ஒப்பந்தம் செய்ய ஒவ்வோர் இடத்துக்கும் லீக் ஒதுக்கும் தொகையும் படிப்படியாகக் குறையும், அதனால் பின் சுற்றுகளில் செலவழிக்கும் பணமும் சுருங்கும்.

இது சரியல்ல என்று அழுத்திச் சொல்கிறேன். தோற்றதற்கான தண்டனை உரிமையாளருக்குப் போகவில்லை, டிக்கெட் வாங்கியவனுக்கு வந்து சேர்ந்தது. செப்டம்பர் 24 முதல் 26 வரை ஏஞ்சல்ஸோடு சொந்த மைதானத்தில் மூன்றையும் வென்றோம், 120-லேயே கணக்கு நின்றது. அப்போதும் கூட்டம் "அணியை விற்றுவிடு" என்று கோஷம் போட்டது. வென்ற நாளில் அந்தக் கோஷம் வருகிறதென்றால் கோபம் ஒரு சீசனுடையது அல்ல.

ஒரே நல்ல செய்தி ரூல் 5 டிராஃப்ட். அதில் லாட்டரி கிடையாது, கடைசி அணிக்கே முதல் வாய்ப்பு. வேறு அணி தன் 40 பேர் பட்டியலில் காக்காமல் விட்டவரை 1,00,000 டாலர் கொடுத்து எடுக்கலாம். சீசன் முழுக்கப் பெரிய லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் பாதிப் பணத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெல்லும் அணிக்கு அந்த ஓரிடம் பாரம். நமக்கு அது பாரமே இல்லை. நேற்று மில்வாக்கியிலிருந்து ஷேன் ஸ்மித் என்ற வலதுகைப் பிட்சரை எடுத்திருக்கிறார்கள். புல்பென்னில் ஒளித்து வைக்காமல் ஸ்டார்டராக்கிப் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை | 2025 டிசம்பர் 11

ஓர் ஆண்டு கழித்து இழையை மேலே இழுக்கிறேன். 60 வெற்றி, 102 தோல்வி. ரன் பற்றாக்குறை இரண்டு இலக்கத்துக்குள் வந்துவிட்டது. அதன்படி 60-ஐவிட அதிகம் வென்றிருக்க வேண்டும். ஓரிரண்டு ரன்னில் நழுவிய ஆட்டங்கள்தான் வித்தியாசம், புல்பென்னை இன்னும் கட்டவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மைனர்வாசி

கோல்சனை மே மாதத்தை ஒட்டி சார்லட்டிலிருந்து எடுத்து, அரிசோனா பயிற்சி முகாமில் மட்டையின் வீச்சைத் திருத்தினார்கள். ஜூலை 4-ல் பெரிய லீக்குக்கு வந்து 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன். ஷேன் ஸ்மித் முதல் மாதத்திலிருந்தே ஸ்டார்டர், ஆல்-ஸ்டார் அணியிலும் இடம்.

35வது தெரு

மைனர்வாசி தம்பி, .214-க்கும் .329-க்கும் இடையில் நீங்கள் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று ஆண்டு தொடர்ந்து நூறு தோல்விக்கு மேல். அதை மறக்கச் சொல்லாதீர்கள்.

தெற்குப்பக்கம்

மறக்க வேண்டாம். ஆனால் இந்த வாரத்து லாட்டரியைப் பாருங்கள். கொலராடோ 119 தோற்றது, வாங்கும் அணி, 2024-லும் 2025-லும் லாட்டரி இடம் பெற்றாயிற்று, அதனால் தடை. வாஷிங்டனும் ஏஞ்சல்ஸும் கொடுக்கும் அணிகள், சென்ற முறை முதல் இரண்டு இடம் பெற்றவை, அவர்களுக்கும் தடை. போன ஆண்டு நம்மைக் கட்டிய அதே பூட்டு மற்றவர்களைக் கட்டியதால் நம் வாய்ப்பு 27.73 சதவீதமாக உயர்ந்தது. பந்தும் நமக்கே விழுந்தது. 2026 ஜூலையில் முதல் தேர்வு ஒயிட் சாக்ஸுக்கு.

ஒன்றை இப்போதே குறித்து வையுங்கள். இன்றைய விதிப்படி 2027-ல் நமக்கு மறுபடி தடை, 10-க்கு மேல் ஏற முடியாது. வீரர்களோடான கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது, அதில் இந்த விதியே மாறலாம். அதை நம்பி அடுத்த சீசனையும் தோற்றுக் கழிக்க அணிக்குக் காரணம் இல்லை. புல்பென்னுக்கு இரண்டு கைகளை இந்தக் குளிர்காலத்திலேயே வாங்க வேண்டும்.