ஸ்டெப் லிப்பா, ஃபிளாட் லிப்பா? முன் காலிப்பர் பெரியது, முடிவெடுக்க முடியவில்லை

வளைவுப்பித்தன்:
என் கார் முதல் தலைமுறை டொயோட்டா 86. கம்பெனி வீல் 17 இன்ச், 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 48 (வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில், அதாவது அச்சு முனையில், பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்ற அளவு). அதைக் கழற்றிவிட்டு 18 இன்ச்சில் மூன்று துண்டு வீல் (ஸ்போக் உள்ள நடு டிஸ்க் ஒன்று, டயர் உட்காரும் பேரலின் பாதிகள் இரண்டு) போடப்போகிறேன். அகலம் எட்டரை, ஆஃப்செட் 38, நான்குக்கும் ஒரே அளவு. ஆர்டர் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருக்கிறது: லிப், அதாவது விளிம்புக்கும் ஸ்போக்குக்கும் நடுவே வெளியே தெரியும் பட்டை, எந்த வகை?

படத்தில் ஸ்டெப் லிப் கிண்ணம் போல ஆழமாகத் தெரிகிறது. மனம் அங்கேதான் ஓடுகிறது. ஆனால் காரில் மாட்டினால் வீல் சின்னதாகத் தெரியும் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். முன்பக்க பிரேக்கில் நான்கு பிஸ்டன் காலிப்பருக்கு (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) மாறியிருக்கிறேன், பின்பக்கம் பழையதுதான். லிப் பளபளப்பாக இருக்க வேண்டும். வெறும் பாலிஷா, அனோடைஸ் (மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல் பாதுகாப்புப் படலம் உண்டாக்குவது) செய்ததா என்பது அடுத்த குழப்பம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய இரும்பு:
தம்பி, உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. ஸ்டெப் லிப்பில், டயர் உட்காரும் விளிம்பிலிருந்து உள்ளே வரும் உலோகம் ஒரு படி இறங்கிய பிறகே ஸ்போக் முகத்தைத் தொடும். அந்தப் படியின் அளவுக்கு முகம் சிறுத்துவிடும். 18 இன்ச் வீலுக்குள் 17 இன்ச் முகம் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஃபிளாட் லிப்பில் படி கிடையாது. ஸ்போக் விளிம்பின் அருகே வரை நீளும், வீல் தன் முழு அளவில் தெரியும்.

படி எப்படி வருகிறது என்று புரிய 1983-ல் வந்த பிபிஎஸ் கம்பெனியின் ஆர்எஸ் வீல் நல்ல உதாரணம். அதுவும் மூன்று துண்டு வீல்தான். 16 இன்ச்சை 17 ஆக்க விரும்புகிறவர்கள் நடு டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொண்டு பேரலின் இரண்டு பாதிகளை மட்டும் மாற்றுகிறார்கள். டிஸ்க் வளரவில்லை, அதைப் பேரலோடு இணைக்கும் போல்ட் வட்டமும் வளரவில்லை. கூடிய அளவு முழுவதும் சுற்றிலும் படியாக வந்து நிற்கிறது. பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. என் பழைய காரில் நானே வைத்திருந்தேன். படியின் மூலையில் பிரேக் தூசி அடைந்துகொள்ளும். பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அழகைப் பற்றி அல்ல. அந்த நான்கு பிஸ்டன் காலிப்பருக்கு உள்ளே இடம் இருக்கிறதா?

மில்லிமீட்டர்:
அதையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எட்டரை இன்ச்சில் பாதி 108 மி.மீ. அதில் ஆஃப்செட் 38 போக, ஹப் முகத்திலிருந்து வெளி விளிம்பின் டயர் உட்காரும் இடம் வரை 70 மி.மீ. இருக்கிறது. உங்கள் பழைய வீலில் இதே தூரம் 41 தான். வீல் அகலத்தை உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரைதான் அளக்கிறார்கள், ஆகவே ஃபிளாஞ்சின், அதாவது டயரைப் பிடித்து நிறுத்தும் ஓர விளிம்பின், தடிமன் இதற்கு வெளியே தனி.

இந்த 70 தான் உங்கள் கையிருப்பு. ஹப் முகத்தைத் தாண்டிக் காலிப்பர் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதை முதலில் கழியுங்கள். பிறகு காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி, அப்புறம் ஸ்போக்கின் தடிமன். மிச்சம் இருப்பதுதான் லிப். பெரிய காலிப்பர் வைத்த காரில் ஆழமான லிப் கேட்பது ஒரே பணத்தை இரண்டு செலவுக்கு ஒதுக்குவது மாதிரி.

இன்னொன்று. புதிய வீலின் வெளி ஓரம் பழையதைவிட 29 மி.மீ. வெளியே வரும். உள் ஓரம் 9 மி.மீ. உள்ளே போகும். லிப்பைத் தேர்வு செய்வதற்கு முன்பே ஃபெண்டரையும் சஸ்பென்ஷனையும் பாருங்கள்.

வளைவுப்பித்தன்:
அளந்தேன். ஹப் முகத்திலிருந்து காலிப்பரின் வெளி முகம் வரை 34. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் தகடு வைத்தால் லிப் கொஞ்சம் கூடாதா?

மில்லிமீட்டர்:
கூடாது. ஸ்பேசர் வீல் முழுவதையும் வெளியே தள்ளும். காலிப்பருக்கு இடம் கிடைக்கும், ஆனால் லிப் ஏற்கெனவே எவ்வளவோ அவ்வளவேதான். ஃபெண்டருக்கு அப்பால் டயர் எட்டிப் பார்க்கும், அதுதான் மிச்சம். ஆஃப்செட்டைக் குறைத்து ஆர்டர் செய்தால் லிப் கூடும், ஆனால் ஸ்டீயரிங் பள்ளம் மேடுகளில் கையை இழுக்க ஆரம்பிக்கும்.

தார்ச்சாலை:
ஒருவரும் டயர் மாட்டுவதைப் பற்றிப் பேசவில்லையே. பேரலின் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். டயரின் ஒரு பக்க விளிம்பு அதற்குள் விழுந்தால்தான் மறுபக்கம் ரிம்மைத் தாண்டி ஏறும். ஸ்டெப் லிப் வீல்களில் அந்தப் பள்ளம் பெரும்பாலும் முன்பக்கம் ஒட்டியிருக்கும். ஃபிளாட் லிப்பில் பல தயாரிப்புகளில் அதை உள்பக்கம் தள்ளிவிடுகிறார்கள். ரிவர்ஸ் என்று சொல்வது இதைத்தான். அப்படிப்பட்ட வீலை முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துவைத்து, பின்பக்கத்திலிருந்து டயரை ஏற்ற வேண்டும்.

இது தெரியாத ஒரு கடையில் என் வீலை வழக்கம்போல முகம் மேலே வைத்து ஏற்றினார்கள். டயர் ஏறவில்லை. டயரை நெம்பும் கம்பியை இன்னும் அழுத்தினார்கள். ஒரு சத்தம் கேட்டது, துணி கிழிவது போல. எடுத்துப் பார்த்தால் புது டயரின் விளிம்பில் ரப்பர் பிய்ந்து உள்ளே இருக்கும் கம்பி மின்னுகிறது. லிப்பிலும் நகம் நீளத்துக்கு ஒரு கீறல். அந்தக் கீறலை இன்றும் பார்க்கிறேன். டயரைத் தூக்கிப் போட்டாயிற்று.

தட்டி மாட்டும் பேலன்ஸ் எடையை லிப்பின் பக்கமே விடாதீர்கள். உள்ளே ஒட்டும் எடை மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நட்டுபோல்ட்டு:
பாலிஷ் கேள்விக்கு நான் வருகிறேன். வெறும் பாலிஷ் செய்த அலுமினியம் கண்ணாடி போல இருக்கும், ஆனால் காற்றும் ஈரமும் பட்டு மங்கும். அவ்வப்போது பாலிஷ் பூசித் தேய்க்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் பிரச்சினை இல்லை. கீறல் விழுந்தாலும் தேய்த்தே சரிசெய்யலாம். அனோடைஸ் செய்த லிப் அப்படி மங்காது, சோப்புத் தண்ணீர் போதும். ஆனால் அதன் மேல் பாலிஷ் பூசித் தேய்த்தால் அந்தப் படலமே போய்விடும். அமிலமோ காரமோ உள்ள வீல் கிளீனர் பட்டால் வெள்ளை வெள்ளையாகக் கறை விழும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காரைத் தேய்ப்பது உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா? அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

வளைவுப்பித்தன்:
தேய்ப்பது பிடிக்கும், முதல் இரண்டு மாதம்! அனோடைஸ்தான் எனக்குச் சரி.

வீல் தயாரிப்பாளரிடமிருந்து இரண்டு வகைக்கும் முழு அளவு வரைபடம் கேட்டு வாங்கினேன். அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, கத்தரித்து ஹப்பில் வைத்துப் பார்த்தேன். ஸ்டெப் லிப் அட்டையில் ஸ்போக்குக்கும் காலிப்பருக்கும் நடுவே இடம் இருந்தது. இடித்தது வேறு இடம்: காலிப்பரின் மேல் மூலை, பேரல் குறுகி டிஸ்க்கோடு சேரும் இடத்தில். அட்டை அங்கே மடங்கியது. ஃபிளாட் லிப் அட்டையில் அதே மூலைக்கு 5 மி.மீ. இருக்கிறது, ஸ்போக்குக்கு 4.

பழைய இரும்பு:
அந்த மூலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்போக்குக்குள் விரலை விட்டுப் பார்த்து இடம் இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். அட்டையை ஒரு சுற்று முழுவதும் திருப்பிப் பார்த்தீர்களா?

வளைவுப்பித்தன்:
திருப்பினேன் அண்ணா, எங்கும் தொடவில்லை. லிப் வெளியே எவ்வளவு தெரியும் என்று கணக்குப் போட்டால் முன்பக்கம் ரொம்பக் குறைவுதான். பின்பக்கம் சின்ன காலிப்பர், அங்கே ஆழமான டிஸ்க் போட முடியுமா? முன்பக்கம் ஃபிளாட், பின்பக்கம் ஸ்டெப் என்று கலந்தால்?

பழைய இரும்பு:
கலக்காதீர்கள், இரண்டு வேறு கார்களின் வீலை மாட்டியது போல இருக்கும். நான்கும் ஃபிளாட்டாகவே இருக்கட்டும். பின்பக்கத்துக்கு மட்டும் முகம் உள்வாங்கிய டிஸ்க் கேளுங்கள். மூன்று துண்டு வீலில் அது சாதாரணமாகக் கிடைப்பதுதான். முன்னால் இல்லாத ஆழம் பின்னால் இருக்கட்டும்.

வளைவுப்பித்தன்:
படிவத்தில் ஃபிளாட் என்று எழுதி அனுப்பிவிட்டேன். பின்பக்க டிஸ்க்குக்கும் தனி வரைபடம் கேட்டிருக்கிறேன், வந்ததும் அட்டையை வெட்டுவேன். டயர் மாட்டும் நாளில் கடையில் நானே நின்று முகத்தைக் கீழே வைக்கச் சொல்கிறேன். அடியில் விரிக்க ஒரு பழைய கம்பளமும் எடுத்து வைத்துவிட்டேன்.

தார்ச்சாலை:
கம்பளத்தில் மணல் இல்லாமல் உதறிக்கொண்டு போங்கள்.