புதுப்பிப்பு: சீரத்தில் தடுமாறிய ஃபைபர் சென்சார்

உடலில் அழற்சி வந்தால் ரத்தத்தில் கூடும் சிஆர்பி புரதத்தை அளக்க, ஒளி செல்லும் கண்ணாடி ஃபைபரின் உறையை உரித்து, யூ வடிவில் வளைத்து, அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஒட்டியிருக்கிறோம். ஃபைபர்மேல் ஏதாவது ஒட்டினால் உள்ளே போகும் ஒளி மாறும், அதுதான் சிக்னல். பஃபரில் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) ஒழுங்காக இருக்கும் சென்சார், சிஆர்பி நீக்கிய சீரத்திலும் (ரத்தம் உறைந்த பின் பிரியும் திரவம்) சிக்னல் காட்டுகிறதே, ஏன் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"வெப்பநிலையைப் பாருங்க" என்றவர் சொன்னது பாதி சரி. தண்ணீரின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) டிகிரிக்குச் சுமார் 0.0001 மாறும், சிக்னலும் கூடவே மாறும். ஏசி நின்று ஓடும்போதெல்லாம் சிக்னல் கோடு அலைந்தது அதனால்தான். ஆன்டிபாடி இல்லாத இன்னொரு ஃபைபரைப் பக்கத்திலேயே வைத்து, அதன் சிக்னலைக் கழித்ததும் அடங்கிவிட்டது.

பெரிய வில்லன், சீரத்தில் நிறைய இருக்கும் ஆல்புமின் என்ற புரதம். ஃபைபருக்கு வெளியே கசியும் ஒளி சில நூறு நானோமீட்டர்தான் எட்டும். அதற்குள் எது வந்து ஒட்டினாலும் அந்த ஒளிக்கு ஒன்றுதான், ஆள் அடையாளம் தெரியாது. சீரத்தில் ஆல்புமின் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம். சிஆர்பியோ, ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்குள். அதனால் ஃபைபரில் ஆன்டிபாடி இல்லாத காலி இடங்களை முன்கூட்டியே பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) போட்டு அடைத்தோம், சீரத்தை நீர்க்க வைத்தோம், ட்வீன் 20 (சோப்பு போன்ற பொருள்) கலந்த பஃபரில் கழுவினோம். கழுவிய பிறகு நிற்கும் அளவைத்தான் இப்போது எடுக்கிறோம். ஃபைபரைச் சீரத்தில் முக்கியதும் சிக்னல் எகிறுவதில் பெரும்பகுதி சீரத்தின் ஒளிவிலகல் எண்தான்.

சிஆர்பியின் சிக்னலைக் கூட்ட, தங்க நானோதுகள் ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடி போடச் சொன்ன அண்ணா, அடுத்தது அதுதான்.

இன்னும் தீராத தலைவலி வளைவு. தீயில் காட்டிக் கையால் வளைக்கிறோம், ஒன்று போல் இன்னொன்று வருவதில்லை. இதற்கு ஜிக் (ஒரே அளவில் வளைக்க உதவும் சட்டம்) செய்து வைத்திருப்பவர்கள் படம் போடுங்களேன்.