புதுப்பிப்பு: ஒகேனக்கல் சாலையோர ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி அடையாளம் தெரிந்தது

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையோரம் எடுத்த ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிப் படங்களைப் போட்டு, எல்லாமே வெந்தய வரியன் (Plain Tiger) என்ற இனம்தானா என்று கேட்டிருந்தேன். ஒன்று மட்டும் அதைப்போலவே தோன்றும் வேறோர் இனமான டனாய்டு எக்ஃப்ளை (Danaid Eggfly) என்று தெரிந்தது. பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

முன்னிறகு நுனியின் கறுப்பையும் வெள்ளைப் பட்டையையும் பார்க்கச் சொன்னார்கள். அவை வெந்தய வரியனிலும் எக்ஃப்ளை பெண்ணிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. "பின்னிறகின் கரும்புள்ளிகளை எண்ணுங்கள்" என்று தருமபுரியைச் சேர்ந்த ஓர் ஆசிரியர் சொன்னதுதான் தீர்த்துவைத்தது. வெந்தய வரியனுக்குப் பின்னிறகின் நடுவில் மூன்று புள்ளிகள். ஆணுக்கு நான்காவது புள்ளிபோல வாசனைப் பை ஒன்று கூடுதலாக இருக்கும். ஒரு படத்தில் மட்டும் நடுப்பகுதி வெறுமையாக இருந்தது, முன்விளிம்பை ஒட்டி ஒரே புள்ளி. அது டனாய்டு எக்ஃப்ளை பெண்.

எதிர்பாராதது அதன் ஆண். அதே இடத்தில் பறந்த, கறுப்பு இறகில் ஊதா விளிம்பிட்ட வெள்ளை வட்டங்கள் கொண்ட பூச்சி அதுதான்! பெண் மட்டுமே வெந்தய வரியன்போல வேடம் போடுகிறது. எருக்கிலை தின்று வளரும் வெந்தய வரியன் நஞ்சுள்ளது, பறவைகள் ஒதுக்கிவிடும்; பருப்புக்கீரை தின்று வளரும் எக்ஃப்ளைக்கு அந்த நஞ்சு இல்லை, வேடம்தான் பாதுகாப்பு. எத்தனை நுட்பமான ஏற்பாடு!

இனிப் படம் எடுப்பவர்கள் இறகை விரித்திருக்கும்போது மேலிருந்து ஒன்று எடுங்கள். பின்னிறகு முழுதாகத் தெரிய வேண்டும்.